கோர்ஸை முழுதாக முடித்தவர்தான் என் அக்கா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாசகர் ஒருவரின் கேள்விக்கு வந்த பதிலைப் படித்தேன். ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதால்தான் கிருமிகளுக்கு எதிர்ப்பு வருகிறது, கோர்ஸை முழுதாக முடித்துவிட்டால் பயமில்லை என்று அதில் எழுதியிருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவள். சிறுநீர், சளி, சீழ், ரத்தம் என்று வந்ததையெல்லாம் தட்டில் போட்டுக் கிருமி வளர்த்து, எந்த மருந்துக்கு அது கேட்கும், எதற்குக் கேட்காது என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தப் பதிலின் முதல் பாதியே முழுக் கதை இல்லை. இரண்டாவது பாதி தவறு. அதை அப்படியே நம்பி நடந்தவர் என் கூடப்பிறந்த அக்கா.

அக்காவுக்கு 66 வயது. எங்கள் பூர்வீக ஊரிலேயே இருக்கிறார். சர்க்கரை உண்டு, ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. போன தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், நீர்க்கடுப்பு என்றார். இரண்டு நாள் பார்லித் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி. அத்தான் பயந்துபோய் எனக்குப் போன் பண்ணினார். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பதைக் கல்ச்சர் என்போம். அதைச் செய்த ஆய்வகத்தில் இருந்த பெண் என்னிடம் பயிற்சி பெற்றவள். "மேடம், நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போனேன். கிருமி வளர்க்கும் மெக்கான்கி அகார் தட்டில் ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. அதை நான் எதிர்பார்த்ததுதான்; பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அடுத்து மருந்துத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். சட்டைப் பொத்தானை விடச் சிறிய காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் விழும். செஃபலோஸ்போரின் வகை மருந்தான செஃபோடாக்சிம் வில்லையைச் சுற்றி வளையமே இல்லை என்று சொல்லலாம். பக்கத்தில், கிருமி சுரக்கும் நொதியைத் தடுக்கிற கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லை இருந்த பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி நீண்டு, பழைய பூட்டின் சாவித் துவாரம் மாதிரி தெரிந்தது. அந்த வடிவத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைத்துப்போடும் நொதியை அந்தக் கிருமி சுரக்கிறது என்று அர்த்தம். ஈ.எஸ்.பி.எல். என்பார்கள். வேலையில் இருந்தபோது அதைக் குறித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அது என் அக்காவின் தட்டு. கை நடுங்கியது.

ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், செஃபிக்சைம் ஆர், செஃப்ட்ரியாக்சோன் ஆர், கோட்ரைமாக்சசோல் ஆர். ஆர் என்றால் கேட்காது. மாத்திரையில் நைட்ரோஃபுரான்டாயின் மட்டும் கேட்டது. ஆனால் அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்குத்தான் ஆகும், சிறுநீரகம் வரை ஏறிய காய்ச்சலுக்கு உதவாது. கடைசியில் எர்ட்டாபெனம் என்ற ஊசி, நாளைக்கு ஒன்றாக ஏழு நாள். ஒரு ஊசியின் விலை அக்கா வீட்டு மளிகைச் செலவில் பாதி மாதத்துக்கு வரும். பிழைத்துவிட்டார். அதற்கு அந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகுதான் அந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன். அக்கா எதையும் தூக்கிப் போடமாட்டார். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அடுத்த தடவை மெடிக்கலில் காட்டி அதையே வாங்கத்தான். "தம்பி, போன தடவை இதுதான் கேட்டுச்சு, இதே ஒரு அட்டை குடுப்பா" என்றால் போதும். அட்டைகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். மொத்தம் பதினொன்று. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் நாலு. சளி இருமலுக்கு செஃபிக்சைம் மூன்று. பேதிக்கு ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை இரண்டு. மற்ற இரண்டும் அமாக்சிசிலின்-கிளாவுலானேட். எல்லாம் ஒன்றேகால் வருடத்துக்குள். அட்டைகளின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம். அதன் அர்த்தத்தை அக்காவுக்கு யாரும் சொன்னதில்லை.

பதினொரு அட்டையிலும் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை. எந்த அட்டையையும் அவர் பாதியில் விடவில்லை. "கோர்ஸை முடிக்கணும்னு நீதானடி சொன்ன" என்றார் அக்கா. ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன். என் பதில் அப்போது தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்த வரியை என்னால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நம் உடம்பு பழகுவதில்லை. கிருமிதான் தப்பிக்கக் கற்கிறது. தமிழில் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையும் கிருமியின் மருந்து எதிர்ப்பையும் ஒரே சொல்லால் குறிப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. "எதிர்ப்பு வந்தால் நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

அடுத்து, அக்காவின் சிறுநீரில் இருந்த கிருமி எங்கிருந்து வந்தது? அவருடைய குடலிலிருந்தே. நம் குடலில் கோடிக்கணக்கில், லட்சம் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நல்லது செய்பவை, அல்லது சும்மா இருப்பவை. ஈ.கோலை அதில் ஒரு சின்னக் கூட்டம். தொண்டை வலிக்கு ஒரு மாத்திரை விழுங்கினால் அது தொண்டைக்கு மட்டும் போவதில்லை. இந்தக் கூட்டம் முழுவதையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஊசியாகப் போட்டால் குடல் தப்பிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். செஃப்ட்ரியாக்சோன் ஊசியில் கணிசமான பங்கு பித்தநீர் வழியாகக் குடலுக்குள்தான் இறங்குகிறது. மருந்துக்குச் சாகிறவை சாகின்றன. சாகாத சில, காலியான இடத்தில் பெருகுகின்றன. அக்காவின் தொண்டை வலி அநேகமாக வைரஸ். அதற்கு இந்த மருந்துகளால் ஒரு பயனும் இல்லை. குடலில் மட்டும் பதினொரு தடவை களையெடுப்பு நடந்திருக்கிறது, பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவைக்கிற களையெடுப்பு.

இங்கேதான் கோர்ஸ் விஷயம் வருகிறது. முழுக் கோர்ஸ் என்றால் குடல் கிருமிகள் மேல் அத்தனை நாளும் மருந்து படுகிறது என்று அர்த்தம். சுவீடனில் ஆரோக்கியமான ஆட்களுக்கு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 7 நாள் கொடுத்து, மலத்தை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2007இல் வெளியான ஆய்வு. யாரும் பாதியில் நிறுத்திய கதை இல்லை. அப்படியும் அந்த 7 நாள் மருந்தின் தடம், எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களாக, இரண்டு வருடம் கழித்தும் குடலில் இருந்தது. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே சங்கதிதான். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவரிடம் எதிர்ப்புள்ள கிருமி இருக்கும் வாய்ப்பு அடுத்த ஒரு மாதத்தில் மிக அதிகம்; அது 12 மாதம் வரைகூட நீடிக்கலாம். அதே இதழில் 2017இல் மருத்துவர்கள் சிலர், கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும் என்ற அறிவுரைக்குப் பெரும்பாலான தொற்றுகளில் ஆதாரம் இல்லை, தேவைக்கு மேல் நீளும் சிகிச்சைதான் எதிர்ப்பை வளர்க்கிறது என்று எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கையிலிருக்கும் மாத்திரையைக் கீழே வைத்துவிடக் கூடாது. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டே ஆக வேண்டும். காசநோய்க் கிருமி வேறு மாதிரி. அங்கே பாதியில் நிறுத்தினால் உண்மையிலேயே எதிர்ப்பு வரும். டைஃபாய்டு, ரத்தத்தில் தொற்று, எலும்பில் தொற்று எதற்கும் எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "காய்ச்சல் விட்டுவிட்டது, இன்னும் எத்தனை நாள் தேவை?" என்று அவரிடமே கேட்கலாம், கேட்பது தப்பில்லை. பெரியவர்களுக்கு வரும் சாதாரண நிமோனியாவுக்குக்கூட, நிலைமை சீரானால் 5 நாள் போதும் என்றுதான் இப்போது வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தேவையில்லாமல் ஆரம்பித்த கோர்ஸை முடிப்பதால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சரி, ஒரு மருந்தைச் சாப்பிட்டால் அதற்கு மட்டும்தானே எதிர்ப்பு வரும், அக்காவுக்கு எப்படி அத்தனை மருந்தும் கேட்காமல் போனது? இதற்குப் பதில் ஜப்பானில் கிடைத்தது. போருக்குப் பிறகு அங்கே சீதபேதி பெரிதாகப் பரவியது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் என்று நாலு மருந்துக்கும் கேட்காத, சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமிகள் 1950களின் நடுவில் தென்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எதிர்ப்பு வந்திருந்தால் இத்தனை வேகமாக நாலும் சேர்ந்திருக்காது. அதே நோயாளியின் குடலில் இருந்த ஈ.கோலையிலும் அதே நாலு எதிர்ப்பும் இருந்தது. 1959இல் ஆய்வாளர்கள் இரண்டு கிருமிகளையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவியது. கிருமிக்குள் பிளாஸ்மிட் என்ற ஒரு சின்ன மரபணு வளையம் இருக்கிறது. ஒரு கிருமி இன்னொன்றைத் தொட்டு அதன் நகலைக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும். நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒரே வளையத்தில் மூட்டையாகக் கட்டியிருக்கலாம். ஒரு மருந்தைச் சாப்பிட்டாலும் அந்த மூட்டை வைத்திருக்கும் கிருமிதான் பிழைக்கும். அப்புறம் மற்ற மருந்துகளும் கேட்காது.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் பாஸ்டன் அருகே ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார். 1976இல் வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடல் கிருமிகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த மருந்துக்குக் கேட்காமல் போயின. கொடுத்தது ஒரு மருந்துதான், போகப் போகப் பல மருந்துகளுக்கு எதிர்ப்பு சேர்ந்தது. ஐந்தாறு மாதத்தில் பண்ணை வீட்டில் இருந்தவர்களின் குடலிலும் அப்படிப்பட்ட கிருமிகள் பெருகியிருந்தன. அவர்கள் அந்த மருந்தைத் தொடவே இல்லை. அக்கா வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே கழிப்பறை, ஒரே சமையல். இந்த ஆய்வை நினைத்தால் எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள்.

நம் ஊர் நிலைமையை வெளிநாட்டுக்காரர்களின் மலத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்வந்த சுமார் 1,850 பேரைப் பார்த்தார்கள். போகும்போது குடலில் ஈ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்கள். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் 75 சதவீதம் பேர் திரும்பும்போது அதைக் கொண்டுபோனார்கள். இது 2017இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் பின்லாந்தில் வந்த ஆய்வு இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. தெற்காசியா வந்தவர்களில் பேதியும் வராமல் ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிடாதவர்களில் 23 சதவீதம் பேர் அந்தக் கிருமியோடு திரும்பினார்கள். பேதி வந்து மாத்திரை சாப்பிடாமல் சமாளித்தவர்களில் 47 சதவீதம். பேதிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களில் 80 சதவீதம். தண்ணீரும் சாப்பாடும் வழியாகக் கிருமி வாசல் வரை வருகிறது. ஆன்டிபயாட்டிக் உள்ளே இருக்கும் காவலைக் கலைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. சாதாரணப் பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்தான் மருந்து, பிள்ளைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரை. மலத்தில் ரத்தம் போனாலோ கடும் காய்ச்சல் அடித்தாலோதான் வேறு யோசனை. அக்காவின் டப்பாவில் இருந்த அந்த ஓஃப்ளாக்சசின் கூட்டு மாத்திரையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. நம் மாவட்டங்களில் பேதி என்றதும் கடைக்காரர் கை முதலில் போவது அதன் மேல்தான்.

அந்த நெதர்லாந்து ஆய்வில் ஆறுதலான செய்தியும் இருக்கிறது. கிருமியைக் கொண்டுபோனவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது தானாகவே போய்விட்டது. ஒரு வருடம் கழித்தும் வைத்திருந்தவர்கள் 11 சதவீதம்தான். அதாவது மேலும் மேலும் மருந்து போடாமல் விட்டால், பெரும்பாலும் குடலே பழைய குடிமக்களைத் திரும்ப வைத்துக்கொள்கிறது. தயிர் சாப்பிட்டால் சரியாகிவிடுமா என்று அக்கா கேட்டார். தயிர் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள் என்றேன். ஆனால் மருந்துக்குப் பரிகாரம் என்று அதை நம்ப முடியாது. கடையில் விற்கும் புரோபயாடிக் மாத்திரைகள், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு சொந்தக் கிருமிகள் திரும்புவதைத் தாமதப்படுத்தியதாக 2018இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் போனது எதுவும் இல்லை. எர்ட்டாபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்.-1 கிருமிகளைப் பற்றி 2010இல் உலகமே பேசியது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதில் 44 மாதிரிகள் சென்னையிலிருந்து எடுத்தவை. என்.டி. என்றால் நியூ டெல்லி; டெல்லியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் கிருமி பின்னுக்குப் போய்விட்டது. எங்கள் ஆய்வகத்திலேயே அதைப் பற்றித்தான் வாதம் நடந்தது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இந்த எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்காகச் 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சில மருந்துகளுக்கான ஹெச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சைம் போன்ற மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அக்கா செஃபிக்சைமை மூன்று தடவை வாங்கினார். அவர் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் கடைக்காரப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும் ஊரில் அவன்தான் பாதி மருத்துவர். பதிவேட்டைப் பார்க்க ஆள் வராதவரை அவன் ஏன் எழுதப் போகிறான்? அதைப் பார்ப்பது அரசின் வேலை.

இன்னொன்றும் அரசால் முடியும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் குவிந்து கிடக்கின்றன. எங்கள் ஊர் ஈ.கோலைக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்று வருடத்துக்கு ஒரு தாள் அச்சடித்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் கொடுத்தால், குருட்டாம்போக்கில் பெரிய மருந்தை எழுதுவது குறையும். நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு தாளைக் கையால் எழுதி வார்டில் ஒட்டினோம். பயிற்சி மருத்துவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிறுநீர்த் தொற்று என்று வருகிறவரிடம், கடந்த மூன்று மாதத்தில் என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். "பேரு தெரியல, மஞ்சள் கலர் மாத்திரை" என்றுதான் பதில் வரும். அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல வீடுகளில் அக்கா வீட்டு டப்பா மாதிரி ஒன்று இருக்கும். எங்கள் மருத்துவர் அந்த டப்பாவைப் பார்த்ததும் நாலு நிமிடம் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தேதி போட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த தடவை அக்காவுக்கு மருந்து தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மருத்துவப் பக்கத்தை அக்கா இன்றைக்கும் கத்தரித்து வைக்கிறார். அதில் வருவதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிற ஆயிரம் பேர் எங்கள் பக்கத்தில் உண்டு. அதனால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் பதினொரு அட்டைகளின் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுதிய மருத்துவருக்குப் பயன்பட்டால் கொடுங்கள். வெளியிடுவதானால் அக்காவின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கின்றன. ஊரில் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் அதையும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விருதுநகர் மாவட்டம்.